மணிராஜ் போகாத மலேசியா

விக்கிரமசிங்கபுரத்தில் வேன் ஸ்டாண்டு என்று தனியாக எதுவும் கிடையாது. பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வேப்பமரம் நிற்கிறது; அதன் நிழலில் ஆறேழு டூரிஸ்ட் வேன்கள் நிற்கும். சவாரி இல்லாத நாட்களில் டிரைவர்கள் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அதிகம் பேசுகிறவன் மணிராஜ்தான். பதினேழு பேர் உட்காரும் வேன் அவனுடையது. கார்த்திகை பிறந்தால் சபரிமலை, புரட்டாசியில் தசராவுக்கு வேடம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு குலசேகரன்பட்டினம், மற்ற மாதங்களில் குருவாயூர், திருப்பதி, மைசூர். ஒரு தடவை காசி வரைக்கும் ஓட்டியிருக்கிறான். நர்மதைப் பாலத்தில் பனி மூட்டத்தில் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டிய கதையைக் கேட்காதவர் அந்த மரத்தடியில் யாரும் இல்லை.

அவனுடைய அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். வீட்டுக்கும் மில்லுக்குமாகச் சைக்கிள் மிதித்தே வாழ்க்கை முடிந்தது. அப்படி இருக்கக்கூடாது என்றுதான் மணிராஜ் பத்தொன்பது வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தான். வெளிநாட்டுக்குப் போகவும் ஒரு வாய்ப்பு வந்தது. சவூதியில் டிரைவர் வேலை. பாஸ்போர்ட் எடுத்து, விசாவும் வரப்போகிற நேரத்தில் அம்மா படுத்த படுக்கையானாள். அவன் போகவில்லை. ஒரு முத்திரைகூட விழாமலே அந்தப் பாஸ்போர்ட் காலாவதியானது. அதைப் பற்றி மட்டும் அவன் மரத்தடியில் பேசியதில்லை.

அவன் மனைவி முத்துராணி சமையல் வேலைக்குப் போகிறவள். அம்பாசமுத்திரத்தில் பாபநாசம் என்று ஒருவர் இருக்கிறார். ஊர்ப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டார்கள். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற தவசுப்பிள்ளை. அவருடைய ஆட்களில் முத்துராணி முக்கியமானவள். காய் நறுக்கப் போனவள், ஏழெட்டு வருடத்தில் சாம்பாரையும் தேங்காய்ப்பால் சொதியையும் அவரே அவள் பொறுப்பில் விட்டுவிடுகிற அளவுக்கு வந்திருந்தாள். இதெல்லாம் மணிராஜுக்குத் தெரியும், ஆனால் அவன் நினைத்துப் பார்த்ததில்லை. அவனைப் பொறுத்தவரை அவள் வேலை என்பது காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரத்தில் நடப்பது.

போன வருடம் மார்கழியில் முத்துராணி ஒரு செய்தியோடு வந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸ்காரர் தைப்பூசத்துக்கு மலேசியாவுக்கு ஒரு கூட்டத்தை அழைத்துப் போகிறார். பெரும்பாலும் வயதானவர்கள், நம் ஊர்ச் சாப்பாடு இல்லாமல் முடியாது என்கிறவர்கள். தவசுப்பிள்ளையையும் கூட மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த மூன்று பேரில் அவளும் ஒருத்தி.

"போயிட்டு வாயேன். யாரு வேண்டாங்கா?" என்றான் மணிராஜ். நடக்காது என்று நினைத்துத்தான் சொன்னான். பாஸ்போர்ட்டுக்கு அவனே பைக்கில் அழைத்துப் போனான். அது ஒழுங்காக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் வழவழப்பான புதுப் பக்கங்களைப் புரட்டியபோதுதான் அவள் நிஜமாகவே போகப்போகிறாள் என்பது அவனுக்கு உறைத்தது.

அவர்களுடைய ஒரே மகள் பொன்செல்வி, தினமும் பஸ்ஸில் பாளையங்கோட்டை போய்க் கல்லூரியில் படிக்கிறாள். அம்மாவுக்குப் பாடம் நடத்துகிற வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். இறங்கியதும் அந்த ஊர் சிம்மை எப்படிப் போடுவது, வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே எப்படி ஓடும், மலாய் மொழியில் எழுதியிருப்பதற்கு நேராகப் போனைப் பிடித்தால் எப்படித் தமிழில் காட்டும், வழி தவறினால் வரைபடத்தில் எதைத் தொடவேண்டும். முத்துராணி அடுப்பங்கரையில் நின்றபடி ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள். உப்பு பாக்கெட்டின் மேல் போனைப் பிடித்து இங்கிலீஷ் எழுத்து தமிழாக மாறியதும் சிரித்தாள்.

"யப்பா, நீங்களும் வந்து பாருங்க" என்றாள் பொன்செல்வி.

"நான் காசிக்கே வழி கேட்டுக் கேட்டுப் போனவன். எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவன் செய்தித்தாளை விரித்துக்கொண்டான்.

அவர்கள் புறப்பட்டது தை மாதம். மகரவிளக்கு முடிந்து வேன்களுக்கெல்லாம் ஓட்டம் நின்றுபோகிற காலம். ஆற்றில் தண்ணீர் நிறைய போய்க்கொண்டிருந்தது, வயலில் பிசான நெல் கதிர் வாங்கியிருந்தது. மணிராஜ் வீட்டில் சும்மா இருந்தான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவன் வெளியூரில் இருப்பான், அவள் வீட்டில் இருப்பாள். முதல் தடவையாக அது மாறியிருந்தது.

கோலாலம்பூரில் இறங்கியதும் முத்துராணி வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் கண்ணாடிச் சுவரும் நகர்கிற படிக்கட்டும் தெரிந்தன.

"சேந்தாச்சு. சாப்ட்டியளா?"

"கூட யாரு நிக்கா?" என்றான் மணிராஜ்.

"எல்லாரும்தான் நிக்காவ. இந்தா பாருங்க, எவ்வளவு பெரிய..."

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். எவ்வளவு பெரியது என்பதை அவன் பார்க்கவில்லை. ஓரத்தில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நின்ற பாபநாசத்தை மட்டும் பார்த்தான்.

அம்மா இருக்கும் இடம் அப்பாவுக்குத் தெரியட்டும் என்று பொன்செல்வி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். முத்துராணி லைவ் லொக்கேஷன் போட்டால், மணிராஜின் போனில் ஒரு வரைபடமும் அதன் மேல் வட்டத்துக்குள் அவள் முகமும் தெரியும். அவளுடைய அண்ணன் மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ அது. தலை நிறையப் பூ. அந்த முகம் பேர் தெரியாத தெருக்களில் பைய நகரும். மணிராஜ் காலையில் பல் தேய்க்கும்போதும் அதைப் பார்த்தான், மரத்தடியில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும் பார்த்தான். ஒரு நாள் அவளைச் சுற்றி ஒரே நீலமாக இருந்தது. நிலமே இல்லை. அவன் பதறிப்போய்க் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டான். கடைசியில் எடுத்தபோது காற்று இரைந்தது.

"கப்பல்ல போறோம், பினாங்குக்கு! பைக்கு, மனுசங்க எல்லாம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்... கேக்குதா?"

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் எதையோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவனுக்கு ஞாபகம் இல்லை.

"யாரு அது?"

"அண்ணாச்சிதான். தொப்பி காத்துல போயிருமாம், ஒரு கையால பிடிச்சிட்டு நிக்காரு."

மணிராஜ் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் வேப்பமரத்தடியில் இன்னொரு வேன் டிரைவரான செந்தில்முருகன் அவனைக் கண்டதும் தன் போனை நீட்டினான். முத்துராணி ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். அவளுக்கு ஸ்டேட்டஸ் வைக்கத் தெரியும் என்பதே மணிராஜுக்குப் புதுச் செய்தி. கடற்கரை. சுடிதார் போட்டுக்கொண்டு நின்றாள், தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி. வெயிலுக்குக் குடை பிடித்தபடி பக்கத்தில் பாபநாசம்.

"என்ன வே மணிராஜு, உம்ம வீட்டுல கடலைத் தாண்டி நிக்காவ. நீரு இங்கன டயருக்குக் காத்துப் பிடிச்சிட்டு நிக்கீரு" என்றான் செந்தில்முருகன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மற்றவர்களும் சிரித்தார்கள்.

"அந்தக் கடல் என்ன பெரிய கடல்? நான் கன்னியாகுமரியில பாக்காததா" என்றான் மணிராஜ். ஆனால் அன்றைக்கு அவன் நர்மதைப் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. பேச ஆரம்பித்திருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மலேசியாவில் சாப்பாடு எப்படி, வெயில் எப்படி என்று எல்லோரும் அவனிடமே கேட்டார்கள். அவன் வேனுக்கு அடியில் எதையோ பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவளைக் கூப்பிட்டான்.

"அங்கன சமைக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"சேலை கட்டத் தெரியாதா உனக்கு? குடை பிடிக்க அந்த ஆளு யாரு? ஊரே பாத்துச் சிரிக்கி."

திரையில் அவள் முகம் அசையாமல் நின்றதைப் பார்த்து நெட்வொர்க் போய்விட்டதோ என்றுகூட நினைத்தான். பிறகு அவள் சொன்னாள்:

"அவரு குடை பிடிச்சது கூட வந்த ஒரு ஆச்சிக்கு. படத்துல அந்த ஆச்சி விழல. அடுப்புல சோறு கெடக்கு, வைக்கேன்."

அதோடு வரைபடத்தில் முகம் வருவது நின்றது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைப் புதிதாகப் போடவேண்டும். அவள் போடவில்லை. கேட்டால் "மறந்துட்டேன்" என்று ஒரு வரி வந்தது. தினமும் "சாப்ட்டாச்சு" என்று ஒன்று வந்தது. வேறு எதுவும் இல்லை. ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை. "இப்ப அங்க மணி பத்தரை யப்பா. விடியுமுன்ன எந்திச்சு இட்லி ஊத்தணும்லா" என்றாள் பொன்செல்வி. அவனுக்கு அந்தக் கணக்கே பிடிக்கவில்லை. அவன் முழித்திருக்கும்போது அவள் தூங்குவதும், அவள் எழுந்து இட்லி ஊற்றும்போது அவன் தூங்குவதுமாக, ஒரு வீட்டுக்குள் இரண்டு கடிகாரம் மாட்டினதுபோல இருந்தது.

அவள் கடைசியாக எப்போது வாட்ஸ்அப்பில் இருந்தாள் என்று பார்க்க ஆரம்பித்தான். அவனிடம் பேசாத நேரத்திலும் அவள் ஆன்லைனில் இருந்தாள். யாரிடம் பேசுகிறாள்? சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் தாடியோடு திரிந்தான். மூன்றாவது நாள் மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் கிளம்பினான், பாபநாசத்தின் வீட்டுக்கு. அவருடைய மனைவி பேச்சித்தாயிடம் என்ன சொல்லவேண்டும் என்று வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். 'உங்க வீட்டுக்காரரு அங்கன என்ன கூத்தடிக்காருன்னு தெரியுமா மதினி?' அந்த வாக்கியம் அவனுக்குப் பிடித்திருந்தது.

பேச்சித்தாய் அடுக்களையில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க தம்பி" என்று உட்காரச் சொன்னாள். மாவு டப்பாவில் சாய்த்து வைத்த ஒரு டேப்லெட் திரையில் ஏதோ படம் ஓடுவதுபோல இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்ததாம். மணிராஜ் உற்றுப் பார்த்தான். படம் இல்லை. ஒரு பெரிய சமையல்கூடம். ஆவிக்கு நடுவில் பாபநாசத்தின் முதுகு தெரிந்தது. அவர் எதுவும் பேசாமல் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார்.

"பேசிட்டிருந்தியளா மதினி?"

"பேச என்ன இருக்கு?" பேச்சித்தாய் குரலைத் தாழ்த்தினாள். "காலையில போனைப் போட்டு எடுத்து வச்சாருன்னா வேலை முடியுத மட்டும் இப்படியே இருக்கும். அவரு அங்கன கிண்டுவாரு, நான் இங்கன கீரை ஆய்வேன். முப்பது வருசம் கல்யாண வீடு கல்யாண வீடா அலைஞ்ச மனுசன். உள்ளூர்ல இருக்கையில இப்படிக் கூட இருந்ததே இல்ல."

தயார் செய்து வந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, அவன் கீழே சிந்திக் கிடந்த கீரைக் காம்புகளைப் பொறுக்கினான். பாபநாசம் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். உடனே அந்த இடத்தில் முத்துராணி வந்து உட்கார்ந்தாள், மடியில் பீன்ஸ் கூடையோடு. மணிராஜ் சட்டென்று சுவரோரம் ஒதுங்கினான். பேச்சித்தாய் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனைக் காட்டிக்கொடுக்காமல் கீரையை ஆய்ந்தாள்.

"யக்கா, இருக்கியளா? நேத்து விட்ட இடத்துல இருந்து சொல்லுதேன் கேளுங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பத்துமலையில் படி ஏறியது, பால்குடம் எடுத்த ஒரு சீனாக்காரப் பெண் தமிழில் வேல் வேல் என்று கத்தியது, ஒரு குரங்கு அவள் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துத் தோலை உரித்து அவள் மேலேயே போட்டது. பினாங்கில் ஒரு சந்தையில் வழி தவறிப்போய்ப் போனைத் தெருப் பலகைக்கு நேராகப் பிடித்து வழி கண்டுபிடித்தது. அங்கே ஜெபகனி என்று ஒரு பெண் பூக்கடை வைத்திருக்கிறாளாம். அவளுடைய தாத்தா நாசரேத்துப் பக்கமிருந்து போனவராம். முத்துராணி பேசிய தமிழைக் கேட்டதும் "நீங்க திருநெல்வேலியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாளாம். விமானம் மேலே ஏறும்போது காது அடைத்தது, மேகம் கீழே கிடந்தது, அது பார்க்க அவித்த இடியாப்பத்தை வெள்ளைத் துணியில் கொட்டின மாதிரி இருந்தது.

ஓர் இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை. எங்கே நிறுத்தவேண்டுமோ அங்கே நிறுத்தினாள், குரங்கு வந்த இடத்தில் குரங்காகவே ஆனாள். மணிராஜ் சுவரில் சாய்ந்து நின்று கேட்டான். அவன் பொறாமை தணியவில்லை, ஆள்தான் மாறியது. பாபநாசம் அவனுக்கு மறந்தே போனார். இந்தக் கதைகளெல்லாம் பேச்சித்தாய்க்கு வந்துகொண்டிருக்கின்றன. கீரை ஆய்ந்துகொண்டே அவள் சும்மா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கிறாள். அவனுக்கு ஒரு வரி: சாப்ட்டாச்சு.

"இதையெல்லாம் வீட்டுக்காரர்ட்டச் சொன்னியாட்டி?" என்றாள் பேச்சித்தாய், கீரையிலிருந்து தலையை எடுக்காமல்.

முத்துராணி ஒரு பீன்ஸை ஒடித்தாள். "அவுக கேக்கலியே யக்கா. போன எடுத்தா, யாரு நிக்கா, எவன் நிக்கான்னுதான். இல்லேன்னா நான் பாக்காத ஊரான்னு சொல்லுவாக. கோவத்துல வேற இருக்காக. பொறவு பாப்போம்."

பேச்சித்தாய் காப்பி போடவா என்று சைகையில் கேட்டாள். மணிராஜ் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

வழியில் ஆற்றுப் பாலத்தில் பைக்கை நிறுத்தினான். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்று மூன்று நான்கு தடவை பேசிப் பேசி அழித்தான். எப்படி ஆரம்பித்தாலும் அது சண்டையாகவே வந்தது. கடைசியில் "பத்துமலையில் படி அதிகமோ" என்று எழுதி அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "அதிகந்தான். முட்டி வலி." அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பைக்கைக் கிளப்பினான்.

அவர்கள் திரும்பிய நாளில் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டுக்கு மணிராஜ் வேனையே ஓட்டிக்கொண்டு போனான். ஒருத்தியை அழைத்துவரப் பதினேழு சீட்டு. திருச்சி விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய முத்துராணி கறுத்திருந்தாள், மெலிந்தும் இருந்தாள். சேலைதான் கட்டியிருந்தாள். கூடப் போன மற்ற இரண்டு பேரும் தங்கள் ஊர் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். சாமான்களை ஏற்றியதும் பாபநாசம் மூத்தவர் என்ற உரிமையில் முன் சீட்டுக் கதவைத் திறந்தார்.

"அண்ணாச்சி, நீங்க பின்னால நல்லா காலை நீட்டிப் படுங்க. சீட்டெல்லாம் காலியாத்தான் கெடக்கு" என்றான் மணிராஜ்.

பாபநாசம் அவனையும் முத்துராணியையும் பார்த்துவிட்டுப் பின்னால் போனார். சேரன்மகாதேவி வருவதற்குள் குறட்டை கேட்டது.

"சொல்லேன்" என்றான் மணிராஜ், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"என்னத்தச் சொல்ல?"

"போன ஊரைப் பத்தி."

அவள் ஆரம்பித்தாள். முதலில் கூச்சப்பட்டுத்தான் சொன்னாள், பேச்சித்தாயிடம் சொன்னதுபோல வரவில்லை. குரங்கு வாழைப்பழத்தைப் பறித்த இடம் வந்தபோது மணிராஜ் தன்னை அறியாமல் குறுக்கே விழுந்தான்.

"குரங்கெல்லாம் காசியில பாக்கணும். ஒருத்தன் கண்ணாடியையே..."

அவள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீரவநல்லூர் கடந்தது. மணிராஜ் கியரை மாற்றினான், தேவையில்லாமல் ஹாரன் அடித்தான்.

"சரி, பொறவு? தோலை என்ன செஞ்சுது?"

முத்துராணி மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். "தோலைப் பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லியே."

மணிராஜ் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"யக்கா சொல்லிட்டா" என்றாள் அவள். "செருப்பக் கையில தூக்கிட்டுப் போனியளாமே."

பின் சீட்டில் குறட்டை சட்டென்று நின்றதுபோல இருந்தது. மணிராஜ் கண்ணாடியில் பார்த்தான். பாபநாசம் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தார்.

"அவகிட்ட அவ்வளவு நல்லாச் சொன்ன. எங்கிட்டச் சொல்லல" என்றான்.

"நீங்க கேளுங்க. சொல்லுதேன்."

அவன் கேட்டான். கல்லிடைக்குறிச்சி வரைக்கும் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் இரண்டு இடத்தில் குறுக்கே பேசினான், மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டான்.

இதனால் மணிராஜ் ஒரேயடியாக மாறிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. வேப்பமரத்தடியில் இப்போதும் யாராவது முத்துராணியின் பயணத்தைப் பற்றிக் கேட்டால் அவன் முகம் சுருங்கும். "அவள்ட்டயே கேளுங்க வே" என்பான். பினாங்கின் பூக்கடைக்காரி ஜெபகனி ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் கூப்பிடுகிறாள். போன் மணி அடித்ததும் மணிராஜ் எழுந்து வேன் கழுவப் போய்விடுவான். வேனை முன்பெல்லாம் தெருமுனைக் குழாயடியில் நிறுத்திக் கழுவுவான். இப்போது வீட்டு ஜன்னலை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, வாளி வாளியாகத் தண்ணீரைச் சுமந்துவந்து கழுவுகிறான்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, ஈரத்துணியோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, அங்கன வண்டி எந்தப் பக்கம் ஓட்டுதாவன்னு கேளு."

முத்துராணி கேட்டாள். ஜெபகனி சொன்ன பதில் ஜன்னலுக்குக் கேட்கவில்லை.

"நம்ம ஊரு மாதிரி இடப்பக்கந்தானாம். ஸ்டியரிங்கும் வலப்பக்கந்தானாம்."

"அப்ப நானே ஓட்டிரலாமே" என்றான் மணிராஜ்.

போனுக்குள் ஜெபகனி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் திரும்பிப்போய், ஏற்கனவே துடைத்துவிட்ட முன் கண்ணாடியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான்.